அறுபது வோல்ட்டில் ஒரு மேடு

காயில் அக்காவிடம் "முடியாது" என்று சொன்னவர்கள் யாரும் அதை இரண்டாம் முறை சொன்னதில்லை. சொல்ல விடமாட்டாள். மோட்டார் பட்டறையில் அவளுக்குக் காயில் கட்டும் வேலை. எரிந்துபோன பம்பு மோட்டாரைப் பிரித்து, கருகிய செப்புக்கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுக்கம்பியைச் சுற்றுச் சுற்றாகப் பள்ளத்துக்குள் இறக்கிக் கட்ட வேண்டும். ஒரு சுற்று பிசகினாலும் மோட்டார் ஓடாது, ஓடினாலும் உருப்படாது. கல்யாணமான புதிதில் அந்தப் பட்டறைக்குக் கூட்டிப் பெருக்க வந்தவள் அவள். வேலை செய்பவர்களின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுக் கம்பியைக் கையில் எடுத்தவள்தான், அப்புறம் கீழே வைக்கவில்லை. முதலாளி முதலில் முறைத்தார். பிறகு பாராட்டினார். பிறகு, அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்.

"அவ பிடிச்ச முயலுக்கு மூணே காலு. நாலுன்னு சொல்லிப் பாரு, நாலாவது காலை ஒடிச்சிட்டு வந்து காட்டுவா" என்பார் முதலாளி, அவள் காதில் விழும்படியாகவே.

அந்தப் பட்டறைக்கென்று ஒரு சட்டம் உண்டு. சூடு அளக்கும் மீட்டர் ஒன்று ஆணியில் தொங்கியது, ஆனால் அது தொங்குவதற்காக மட்டுமே அங்கே இருந்தது. ஓடும் மோட்டாரின் முதுகில் உள்ளங்கையை வைக்க வேண்டும். கை பொறுத்தால் மோட்டார் பொறுக்கும். கை சுட்டுப் பின்வாங்கினால் மோட்டாருக்குக் காய்ச்சல். இந்தக் கைப்பதத்தில் காயில் அக்கா ஒருமுறைகூடத் தவறியதில்லை. அவள் கை வைத்து "அனுப்பிடலாம்" என்று சொன்ன மோட்டார் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. இருக்கட்டும், கதைக்கு அது தேவைப்படும்.

அவள் புருஷன் சாவிக்காரர். சாவி செய்வது, பூட்டுத் திறப்பது, அலமாரிக்குக் கைப்பிடி மாற்றுவது என்று மேட்டின் அடிவாரத்தில் ஒரு கட்டில் அகலத்துக்குக் கடை வைத்திருந்தார். வீடோ மேட்டின் உச்சியில். இடையில் இருப்பது ஒரு சந்து. காரோ ஆட்டோவோ நுழையாது. நடுவழியில் முழங்கையை மடக்கியது போல ஒரு வளைவு. வளைவுக்குக் கீழே செங்குத்து, வளைவுக்கு மேலே அதைவிடச் செங்குத்து. காலம் முழுக்க அதை ஏறி இறங்கியவரின் இடது காலைச் சர்க்கரை நோய் முழங்காலுக்கு மேலோடு எடுத்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளில் அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். முன்னால் பிடித்தவன் அவருடைய தம்பி, கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவன். நல்ல மனசுக்காரன், ஆனால் வாயை மூடத் தெரியாதவன். "பாத்துப் பாத்து, அண்ணனை இறக்கு, மூச்சு வாங்கிட்டுத் தூக்கலாம்" என்று சந்து முழுக்கக் கேட்கக் கத்திக்கொண்டே வந்தான். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வாசல்களில் பெண்கள் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றார்கள். சாவிக்காரர் வழி முழுவதும் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். தூக்கம் இல்லை என்பது பின்னால் வந்த காயில் அக்காவுக்குத் தெரியும். இமை துடித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள் வந்ததும் அவர் சொன்னது ஒன்றுதான். "இனிமே என்னை யாரும் தூக்கக் கூடாது. தூக்கித்தான் ஆகணும்னா, நான் இங்கேயே இருந்துக்கிறேன்."

சொன்னபடியே இருந்தார். ஊன்றுகோலை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார். அந்தச் சரிவில் ஊன்றுகோல் செல்லாது. கடை பூட்டிக் கிடந்தது. கட்டட உரிமையாளர் மழைக்காலம் முடியும்வரை பொறுப்பேன், அதற்குமேல் வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று சொல்லி அனுப்பினார். தம்பி அதற்கும் வழி வைத்திருந்தான். "அண்ணி, பேசாம வீட்டைக் காலி பண்ணிட்டுக் கீழே என் வீட்டுப் பின்கட்டுக்கு வந்துடுங்க. அண்ணன் சும்மா உக்காந்து டிவி பாக்கட்டும். இனிமே என்ன சாவியும் பூட்டும்?"

சாவிக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எதற்கும் பதிலுக்குப் பதில் பேசுகிற மனிதர். காயில் அக்கா அவருக்கு முன்னால் வந்து நின்றாள். "அவர் கடைக்குப் போவாரு. சாயங்காலம் வீட்டுக்கு வருவாரு. யாரும் தூக்க வேண்டாம்" என்றாள்.

"எப்படி அண்ணி?"

"அது என் கவலை" என்றாள். எப்படி என்று அவளுக்கும் அப்போது தெரியாது.

தண்ணீர் கேன் போடுகிறவர் ஓரங்கட்டிய மூன்று சக்கர சைக்கிள் ஒன்று கிடைத்தது. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, நடுவில் கேன் வைக்கும் பலகை. பலகையின் மேல் ஒரு நாற்காலியை முடுக்கினாள். மோட்டாரும் பட்டறையிலேயே கிடந்தது. யாரோ பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காத சாமான், முதலாளி எடுத்துக்கொள்ளச் சொன்னார். சாதாரண எலெக்ட்ரிக் சைக்கிளில் மோட்டார் சக்கரத்துக்குள் இருக்கும். இது அப்படி இல்லை. மிதிகட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, கால் செய்கிற வேலையைச் செய்யும். செயினை இழுக்கும், சைக்கிளின் கியர் எதுவோ அதன் வழியாகச் சக்கரத்தைச் சுற்றும். நாற்பத்தெட்டு வோல்ட் என்று அதன் முதுகில் ஒட்டியிருந்தது.

நாற்பத்தெட்டு வோல்ட் பேட்டரியைப் பூட்டி, புருஷன் எடைக்குச் சமமாக ஸ்டேட்டர்களை, அதாவது எரிந்துபோன மோட்டார்களின் இரும்புக்கூடுகளை, நாற்காலியில் அடுக்கிக் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறினாள். வளைவு வரை முனகிக்கொண்டே வந்தது. வளைவில் நின்றுவிட்டது. இரும்புச் சுமையோடு பின்னால் உருள ஆரம்பித்த வண்டியை அவள் பிரேக்கைப் பிடித்து, காலை ஊன்றி, வாயில் வந்ததையெல்லாம் சொல்லி நிறுத்தினாள்.

வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். காயில் அக்கா அன்றைக்குச் சோறு சாப்பிடும்போதுகூட அதையே மென்றாள். முனகல் அவளுக்குப் பழகிய முனகல். கோடையில் கரண்டு குறைந்து வரும்போது பம்பு மோட்டார்கள் இப்படித்தான் முனகும். வோல்ட் குறைந்தால் மோட்டார் ஓடத் திணறும். திணறத் திணற ஆம்பியரை அள்ளிக் குடிக்கும். குடித்துக் குடித்து எரியும். அப்படி எரிந்து வந்த மோட்டார்களால்தான் பட்டறையே நடந்தது. குறைந்த வோல்ட் கெடுதல் என்றால் கூடிய வோல்ட் மருந்துதானே? அறுபது கொடுத்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தாள்.

பேட்டரிக் கடைக்காரர் மூக்கில் விரலை வைத்தார். "அக்கா, அறுபது வோல்ட்டுன்னு பேருதான். ஃபுல் சார்ஜ் ஆனா அறுபத்தேழைத் தொடும். மோட்டாரோட கன்ட்ரோல் பெட்டிக்குள்ள இருக்கிற கெப்பாசிட்டர் அறுபத்து மூணுக்குத்தான் தாங்கும். பட்டாசு மாதிரி வெடிச்சிடும்."

"பெட்டிதானே தாங்காது? கம்பி தாங்கும். கம்பியைப் பத்தி எனக்குத் தெரியும்."

"பெட்டி இல்லாம எப்படிக்கா?"

"எழுபத்திரண்டு தாங்குற பெட்டி ஒண்ணு குடுங்க. வெளியில தனியா மாட்டிக்கிறேன்."

அவர் கொடுத்தார். பழைய பெட்டியைக் கழற்றி எடுத்துவிட்டு, புதுப்பெட்டியை நாற்காலிக்கு அடியில் காற்றுப்படும்படி மாட்டி, மூன்று தடித்த ஒயர்களை மோட்டாருக்குள் இழுத்துச் சாலிடர் வைத்தாள். கைப்பிடியில் இருந்த சின்னத் திரைக்கு நாற்பத்தெட்டு வோல்ட் கணக்குத்தான் தெரியும். அறுபதைப் பார்த்ததும் பேட்டரி நிறைந்திருக்கிறது என்று ஐந்து கட்டத்தையும் காட்டிவிட்டது. பாதி தீர்ந்த பிறகும் ஐந்து கட்டம்தான். "அப்படியே என் கொழுந்தன்தான். எப்பக் கேட்டாலும் 'எல்லாம் நல்லா இருக்கு அண்ணி'" என்று சொல்லி, அதன் மேல் டேப்பை ஒட்டிவிட்டுப் பக்கத்தில் ஒரு வோல்ட் மீட்டரை வைத்துக்கொண்டாள்.

சமதரையில் வண்டி பறந்தது. பட்டறை ஆட்கள் கைதட்டினார்கள். மேட்டில், ஸ்டேட்டர் சுமையோடு, அதே கியரில், வளைவைத் தாண்டி உச்சிவரை ஏறியது. கடைசியில் கொஞ்சம் திணறியதுதான். இறங்கி மோட்டாரின் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்புகூட இல்லை. கை பொறுத்தது. "அனுப்பிடலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சாவிக்காரர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நீ முன்னால ஓட்டுவ. நான் பின்னால உக்காந்து உன் முதுகைப் பாத்துக்கிட்டு வரணும்."

"ஏன், என் முதுகுக்கு என்ன குறைச்சல்?"

அவர் சிரித்துவிட்டார். சிரிப்பைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. அதற்குமேல் அவர் மறுக்கவில்லை.

மறுநாள் காலையில் இறங்கினார்கள். கடையைத் திறந்ததும் அவர் முதலில் செய்தது அறுக்கும் மெஷினுக்கு எண்ணெய் விட்டதுதான். காயில் அக்கா பட்டறைக்குப் போய் வேலையை முடித்துக்கொண்டு மாலையில் வந்தபோது, சட்டையெல்லாம் பித்தளைத் தூளாக, வாடிக்கையாளர் ஒருவரிடம் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பழைய ஆளை அப்படியே திரும்பக் கொண்டுவந்துவிட்டேன் என்று நினைத்தாள்.

வீடு திரும்பும்போது வளைவைத் தாண்டினார்கள். வளைவுக்கு மேலே மோட்டார் திணறியது. அவள் கைப்பிடியை இன்னும் முறுக்கினாள். உள்ளே ஏதோ நறநறத்தது, பிறகு வழுக்கியது, பிறகு மோட்டார் மட்டும் வெறுமனே கத்திக்கொண்டு சுற்ற, வண்டி நின்றுவிட்டது. குனிந்து கையை வைத்துப் பார்த்தாள். அப்போதும் முதுகு சுடவில்லை. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றவளால் அவரை இறக்கவும் முடியவில்லை, வண்டியைத் தள்ளவும் முடியவில்லை. ஜன்னல்கள் திறந்தன. யாரோ கீழே ஓடிப்போய்ச் சொல்ல, தம்பி மூன்று பேரோடு வந்துவிட்டான். "நான் அப்பவே சொன்னேன்ல அண்ணி? தூக்குங்கடா, மெதுவா, மெதுவா." நாற்காலி வண்டியிலேயே முடுக்கியிருந்ததால் இந்தமுறை அவரைக் கையிலேயே தூக்கினார்கள். சாவிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டில் அவரைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு எல்லோரும் போனார்கள். அவள்தான் ஆரம்பித்தாள். "மோட்டார்ல ஏதோ கோளாறு. சரி பண்ணிடுவேங்க."

"வேண்டாம்."

"ஒரே ஒரு தடவை..."

"நீ புரிஞ்சுக்கவே இல்ல" என்றார் அவர். கோபமில்லாமல், சோர்வாகச் சொன்னார். "நாலு பேரு தூக்கினாலும் தூக்குறதுதான். நீ தூக்கினாலும் தூக்குறதுதான். காலைல எறங்கும்போதே எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. மூட்டை மாதிரி பின்னால உக்காந்திருந்தேன். கடைக்குப் போற ஆசையில வாயை மூடிக்கிட்டேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. எத்தனை நாள் இரும்பைக் கட்டிக்கொண்டு ஏறிப் பார்த்தாள்? அந்த இரும்பு இருந்த இடத்தில்தான் அவரையும் உட்காரவைத்திருந்தாள். எடைக்கு எடை சரி என்று பார்த்தவள், ஆளைக் கேட்கவில்லை.

மறுநாள் பட்டறையில் மோட்டாரைப் பிரித்தாள். காயில் பொன் மாதிரி இருந்தது, ஒரு சுற்றுகூடக் கருகவில்லை. உள்ளே ஆழத்தில், மோட்டாரின் வேகத்தைக் குறைத்து மிதி அச்சுக்குக் கொடுக்கும் நைலான் பல்சக்கரம் இருந்தது. அதன் பற்கள் உருகி, வழித்துவிட்ட வெண்ணெய்போல மழுங்கிக் கிடந்தன. உள்ளே அத்தனை சூடு. அது வெளித்தகட்டுக்கு வந்து சேர நேரமாகும். பம்பு மோட்டாருக்கு முதுகில் விசிறி உண்டு, சூட்டை உடனுக்குடன் வெளியே தள்ளும், அதனால் முதுகு உண்மையைச் சொல்லும். இது எல்லாவற்றையும் உள்ளே போட்டுப் பூட்டிக்கொண்டு வெளியே குளிர்ந்த முகத்தைக் காட்டியிருக்கிறது. வீட்டிலும் அவளுக்கு அப்படி ஒருவர் இருந்தார். இரண்டு பேரிடமும் அவள் ஒரே தவறைத்தான் செய்திருந்தாள்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "வோல்ட்டை ஏத்தினதுதான் தப்போ?"

"வோல்ட்டு தப்பில்ல. ஏத்தின வோல்ட்டுக்கு அதை ஓட விடாததுதான் தப்பு." அவளுக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது. பம்பில் கல் சிக்கி எரிந்த மோட்டாரைக் கொண்டுவருகிறவர்களிடமெல்லாம் அவள் என்ன சொல்வாள்? 'ஓடுற மோட்டார் எரியாதுங்க, ஓட முடியாமத் தவிக்கிற மோட்டார்தான் எரியும்.' ஊருக்குத்தான் உபதேசம். அறுபது வோல்ட் கொடுத்தால் மோட்டார் முன்னைவிட வேகமாகச் சுற்ற ஆசைப்படும். அதைச் சமதரைக் கியரில் போட்டு மேட்டில் ஏற்றினால் அந்த வேகத்தைத் தொடவே முடியாமல் கழுத்தை நெரித்த மாதிரி நின்று ஆம்பியரைக் குடிக்கும். செய்திருக்க வேண்டியது வேறு. அது மனம்போலச் சுற்றட்டும். அந்த வேகத்தைக் கியரில் குறைத்து, இழுப்பாக மாற்றிச் சக்கரத்துக்குக் கொடுக்க வேண்டும்.

வோல்ட்டைத் தொடாமல் மற்றதையெல்லாம் மாற்றினாள். முன்னால் செயின் ஓடும் சக்கரத்தைச் சிறியதாக்கினாள், பின்னால் இருப்பதைப் பெரியதாக்கினாள். பெட்டி கொடுக்கும் ஆம்பியரைக் குறைத்து வைத்தாள். புது நைலான் பல்சக்கரம் போட்டாள். அதை ஒட்டி உள்ளே சூட்டை உணரும் கம்பி ஒன்றை விட்டு, ஆணியில் இத்தனை காலம் சும்மா தொங்கிய மீட்டரை எடுத்து வண்டியில் மாட்டினாள். பட்டறையே திரும்பிப் பார்த்தது. "கைப்பதம் என்னாச்சுக்கா?" என்று ஒருவர் கேட்டார். "கைக்கு எல்லாம் தெரியாது" என்றாள்.

அதோடு நிற்கவில்லை. பலகையிலிருந்த நாற்காலியைக் கழற்றி, முன்னால், சீட்டு இருந்த இடத்தில் முடுக்கினாள். மிதிகட்டை இரண்டையும் கழற்றிப் போட்டாள். ஓட்டுவது கைப்பிடி முறுக்கில்தான் என்னும்போது ஒரு கால் இருந்தால் என்ன, இரண்டு கால் இருந்தால் என்ன. அவளுக்கு வண்டியில் இடமே இல்லை.

வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "இது உங்க வண்டி. நான் ஏறப் போறதில்ல. ஓட்டுறதும் சும்மா வைக்கிறதும் உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சாவிக்காரர் அன்று வண்டிப் பக்கமே திரும்பவில்லை. மறுநாள் ஊன்றுகோலோடு வாசலுக்குப் போய் நின்றார். அதற்கு அடுத்த நாள் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "நடுவழியில மோட்டார் நின்னா வண்டி பின்னால உருளுமே, அதுக்கு என்ன பண்ணின?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "பிரேக்கைப் பிடிச்சுக்க வேண்டியதுதான்" என்றாள்.

"பிடிச்சுக்கிட்டே எவ்வளவு நேரம்? உன் மாதிரி கத்திக்கிட்டா?" அவர் முகத்தில் பழைய நக்கல் வந்திருந்தது. "அந்த அரத்தை எடு. பூட்டுக்குள்ள இருக்குமே, ஒரு பக்கம் மட்டும் திரும்பவிடுற பல்லு, அதை ஒண்ணு பண்றேன்."

ஜன்னலோரம் உட்கார்ந்து அவரே அறுத்தார், அவரே ராவினார். பின் அச்சில் பொருத்தியதும் வண்டி முன்னால் போகும்போது டிக் டிக் என்று ஒலித்தது. பின்னால் ஒரு விரற்கடைகூட நகர மறுத்தது. தள்ளிப் பார்த்த காயில் அக்கா தோற்றுப்போனாள். தோற்றது இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

மழைக்காலம் முடியும் தறுவாயில், பிரேக்கைப் பிடித்தபடி அவர் தனியாக இறங்கிக் கடைக்குப் போனார். மாலையில் காயில் அக்கா பட்டறையிலிருந்து வந்து சேர, அவர் கிளம்பும்போது சந்தின் வாயிலில் தம்பி நின்றிருந்தான். அவன் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி.

"எதுக்கும் இருக்கட்டும்னுதான் அண்ணி" என்றான்.

"நல்லதாப் போச்சு. நீங்க அதுல உக்காருங்க" என்றாள் காயில் அக்கா.

சக்கரத்துக்கு அடியில் கொடுக்க ஒரு மரக்கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் வண்டிக்குப் பின்னால் நடந்தாள். சாவிக்காரர் கைப்பிடியை முறுக்கினார். இந்தமுறை முனகல் இல்லை. மோட்டார் சன்னமாக, உயர்ந்த குரலில், நிற்காமல் பாடிக்கொண்டு போயிற்று. கூடவே அந்த டிக் டிக். வளைவில் அவள் ஓடிப்போய்க் கட்டையோடு குனிந்தாள். வண்டி நிற்கவே இல்லை. வளைவின் நடுவில் அவர் தலையைத் திருப்பாமல் மீட்டரைப் பார்த்து, "சூடு ஏறல. வோல்ட்டு அம்பத்தெட்டு" என்று சத்தமாகச் சொன்னார். திறந்திருந்த ஜன்னல்களில் ஒன்றிலிருந்து யாரோ சிரித்துக் கைகாட்ட, இவரும் ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். கண் நன்றாகத் திறந்திருந்தது.

வளைவுக்கு மேலே அவளால் கூடவர முடியவில்லை. அவளுக்கும் வயதாகிறதே. மூச்சு இரைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மரக்கட்டையோடு சுவரில் சாய்ந்து நின்றாள். டிக் டிக் என்ற சத்தம் மேலே மேலே போய்த் தேய்ந்தது. நாற்காலியைச் சுமந்துகொண்டு வந்த தம்பிகூட அவளைத் தாண்டிப் போகாமல் பக்கத்திலேயே நின்றுவிட்டான். மேலே பார்த்தபடி நாற்காலியைக் கீழே இறக்கி வைத்தான்.

காலுக்குத் தெம்பு வந்ததும் மெதுவாக ஏறினாள். அவர் படுத்த நாளிலிருந்து எத்தனையோ மாலை அவள் இப்படிக் களைத்துப்போய் ஏறிவந்து, பையை இடுப்பில் முட்டுக்கொடுத்து, சாவியைத் தேடி எடுத்து, அவர் உள்ளே விளக்குப் போடாமல் இருட்டில் கிடக்க, வீட்டைத் தானே திறந்திருக்கிறாள். இன்றைக்கும் கை பைக்குள் சாவியைத் தேடியது.

வாசலில் வண்டி நின்றது. கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது.

"எவ்வளவு நேரமா உன்னைக் காணோம்?" என்று உள்ளேயிருந்து அவர் கேட்டார். "டீயை வச்சு, அதுவும் ஆறிடுச்சு."

காயில் அக்கா மரக்கட்டையை வாசலிலேயே போட்டுவிட்டு, படியில் உட்கார்ந்து, நன்றாக அழுது முடித்துவிட்டு உள்ளே போனாள்.